மஞ்சள் சத்தை உறையிட்டு உலர்த்தும் முறைகள்

மஞ்சள் நனைத்த துணி வெயிலிற் கிடந்தால் சில நாட்களில் வெளுத்துப்போவதையும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் நிறம் சிவப்பதையும் அறியாத குடும்பம் நம் நாட்டில் இல்லை. இவ்விரண்டும் மஞ்சளின் நிறச்சத்தாகிய குர்க்குமின் என்னும் பொருளின் குணங்களாம். வெளிச்சத்தில் அது சிதையும், காரத்தில் நிறம் மாறிக் கெடும், நீரிலோ கரையாது. சமையலுக்கு மஞ்சள் அரைப்போருக்கு இக்குணங்களால் பெரிய இடையூறு இல்லை. மஞ்சளின் சத்தைத் தனியே பிரித்துப் பானங்களிலும், மிட்டாயிலும், ரொட்டியிலும் சேர்க்கும் உணவுத் தொழிற்சாலைகளுக்கோ இவை பெருந்தொல்லை. அத்தொல்லையை நீக்குவதற்கே, சத்தை நுண்ணிய உறைக்குள் அடக்கித் தூளாக உலர்த்தும் முறைகள் ஏற்பட்டிருக்கின்றன.

2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளை விளைவிப்போர் முதலாக, கிழங்காக விற்பதினும் சத்தாக விற்பதே லாபம் என்று கருதி, கூட்டாகச் சேர்ந்து இயந்திரம் வாங்க எண்ணுவோர் உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இம்முறைகளின் இயல்பையும் எல்லையையும் அறிந்துகொள்வது அவசியம்.

உறையிடுதல் யாது?

உலர்ந்த மஞ்சளைப் பொடித்து, எதனால், எத்தில் அசிடேட் முதலிய திரவங்களில் ஊறவைத்து, பின்பு அத்திரவத்தை நீக்கினால், செம்பழுப்பான கெட்டிக் குழம்பு மிஞ்சும். இதற்கு ஒலியோரெசின் என்று பெயர். குர்க்குமினும் வாசனை எண்ணெயும் இதில் அடங்கியிருக்கும். இதற்கு வேண்டிய திரவங்கள் எளிதில் தீப்பற்றுபவை. ஆகையால் இவ்வேலை குடிசைத் தொழிலாகச் செய்யத்தக்கதன்று.

இக்குழம்பைப் பிசின் கரைத்த நீரில் இட்டு வேகமாகக் கலக்கினால், பாலில் வெண்ணெய்த் துளிகள் பரவி நிற்பது போல, சத்து சிறு துளிகளாகப் பரவி நிற்கும். அதிலுள்ள நீரை அகற்றினால், ஒவ்வொரு துளியையும் சுற்றிப் பிசின் காய்ந்து உறையாகிவிடும். காற்றும் வெளிச்சமும் சத்தை எளிதில் அணுகா. தூளும் நீரிற் கலக்கும். உறைக்குச் சிறந்தது அரபுப் பிசின். இது சூடான் முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் நமது கருவேல மரத்திற்கு இனமான மரங்களிலிருந்து கிடைக்கிறது. சோளம், மரவள்ளி முதலியவற்றின் மாவிலிருந்து செய்யும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் விலை குறைவு. ஆனால் எண்ணெயைத் துளியாகப் பிடித்து நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. ஆகவே இரண்டையும் கலந்து உபயோகிப்பது வழக்கம்.

தூவி உலர்த்தல்

இம்முறைக்கு 1872-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சாமுவேல் பெர்ஸி என்பவர் உரிமைப் பத்திரம் பெற்றார். பால்மாவு செய்வதும் இம்முறையாலேயே. மேற்கூறிய கலவையை உயர்ந்த கலத்தினுள் பனித்தூறல் போலத் தூவி, 150 முதல் 200 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறிய காற்றை அதனூடே செலுத்துவர். சில விநாடிகளில் நீர் ஆவியாகி, 10 முதல் 100 மைக்ரான் வரை பருமனுள்ள துகள்கள் அடியில் விழும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு உஷ்ணத்தில் சத்து கருகிவிடாதோ எனும் ஐயம் எழலாம். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்வதை நாம் அறிவோம். அவ்வாறே, துளியில் ஈரம் உள்ளவரை அதன் உடல் காற்றின் உஷ்ணத்தை அடைவதில்லை. ஈரம் தீரும் தறுவாயில் காற்றும் 70 முதல் 90 டிகிரி அளவிற்குத் தணிந்துவிடுகிறது. கூழ் வடகத்தின் மேல் முதலில் ஆடை படிவது போலத் துளியின் மேலும் ஆடை படிந்து, உள்ளிருக்கும் வாசனை வெளியேறாமல் தடுக்கிறது. குர்க்குமின் உஷ்ணத்தை ஓரளவு தாங்கவல்லது. ஆதலால் மஞ்சளுக்கு இம்முறை பொருத்தமானது.

பனிக்கட்டியாக்கி உலர்த்தல்

இரண்டாம் உலக யுத்தத்தில் இரத்த நீரைப் பாதுகாக்கப் பெரிதும் பயன்பட்ட முறை இது. கலவையைப் பனிக்கட்டியாக்கி, காற்று நீக்கிய கலத்தில் வைத்தால், பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிச் செல்லும். சூடு மிகக் குறைவு. நாவற்பழத்தின் நீலச்சத்தைப் போன்று உஷ்ணத்திற் கெடும் பொருள்களுக்கு ஏற்றது. ஆயினும் ஒரு தடவை உலர 20 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். செலவும் தூவி உலர்த்துவதைவிடப் பன்மடங்கு. பனிக்கட்டி நீங்கிய இடமெல்லாம் துளைகளாக நிற்பதால், தூள் பொரியைப் போல எளிதில் நமத்துப்போகும். அத்துளைகளின் வழியே காற்றும் புகும்.

உருளை முறை

நீராவியாற் சூடேற்றிய இரும்பு உருளைகளின் மேல் கலவையை மெல்லிய ஏடாகப் படியவிட்டுச் சுரண்டி எடுப்பது மூன்றாவது முறை. சூட்டில் இழப்பு அதிகம், செலவு குறைவு.

விலையுயர்ந்த முறையே சிறந்தது என்று எண்ணலாகாது. 1997-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், காரட்டின் நிறச்சத்தாகிய பீட்டா கரோட்டினை மூன்று முறைகளிலும் உறையிட்டுப் பார்த்தனர். உலர்த்தும்போது நேர்ந்த இழப்பு பனிக்கட்டி முறையில் 8 சதவீதம், தூவும் முறையில் 11 சதவீதம், உருளை முறையில் 14 சதவீதம். ஆனால் சேமித்து வைத்துப் பார்த்தபோது, உருளையில் உலர்ந்ததே அதிக நாள் சத்தைக் காத்து நின்றது. அதன் துகள்கள் பெரியவையாக இருந்ததே காரணம்.

கணக்கு

இயந்திரம் விற்போர், ஒரு கிலோ சத்து ஐந்து கிலோ தூளாகப் பெருகும் என்று சொல்லக்கூடும். அது உண்மையே, சத்து ஒரு பங்கிற்குப் பிசினும் மாவும் நான்கு பங்கு சேர்ப்பது சாதாரணம். ஆனால் பெருகியது பிசினேயன்றிச் சத்து அன்று. வாங்குவோர் தூளிலுள்ள குர்க்குமினுக்கே விலை கொடுப்பர். 100 கிலோ உலர்ந்த மஞ்சளில் குர்க்குமின் 3 சதவீதமாயின், கிடைக்கக்கூடியது முழு அளவில் 3 கிலோ. 5 சதவீதமாயின் 5 கிலோ. எந்த இயந்திரமும் இதைக் கூட்டித் தராது. மற்றும் இயந்திரம் ஆண்டு முழுதும் ஓடினாலன்றி அதன் வட்டி கட்டாது. மஞ்சள் அறுவடையோ சில மாதங்களே.

களத்தில் செய்யவேண்டியது

ஆகவே லாபத்தின் வேர் வயலிலும் களத்திலுமே இருக்கிறது. பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. குர்க்குமின் மிகுந்த ரகத்தைத் தேர்ந்து, ரகங்களைக் கலவாமல் தனித்தனியே வைத்தல்.

2. தோண்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள் கிழங்கை வேகவைத்தல். நுரை பொங்கி, வாசனையுடன் வெண்புகை எழும்போது நிறுத்த வேண்டும். அளவுக்கு மிஞ்சி வெந்தால் நிறம் கெடும். வேகாவிடில் கிழங்கு எளிதில் உடையும்.

3. மூங்கிற்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, 10 முதல் 15 நாள் உலர்த்துதல். இரவில் குவித்து மூடி வைத்தல். ஈரம் நின்ற கிழங்கில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு சத்திலும் வந்து சேரக்கூடும்.

4. மெருகேற்றும்போது ஈயக் குரோமேட்டு முதலிய சாயங்களை ஒருக்காலும் சேர்க்காதிருத்தல். அது உண்போர் உடலைக் கெடுக்கும் விஷம்; சோதனையிற் கண்டால் சரக்கு முழுவதும் தள்ளுபடியாகும்.

கூட்டாக இயந்திரம் வாங்கியே தீரவேண்டும் என்போர், முதலில் தங்கள் மஞ்சளின் மாதிரியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிக் குர்க்குமின் அளவைத் தெரிந்துகொள்வார்களாக. 1950-இல் தொடங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும், தஞ்சாவூரிலுள்ள மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இத்துறை அறிந்தோர் உளர். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் கூட்டங்களில் எடுத்துரைத்து, சோதனை முந்தியும் கடன் பிந்தியும் வருமாறு பார்த்துக்கொண்டால், பல குடும்பங்களின் நிலம் அடமானத்திற்குப் போகாமல் தப்பும். உறை, உள்ளிருப்பதைக் காக்குமேயன்றி, இல்லாததை உண்டாக்காது.