செடிகொடிகளுக்கும் ஓர் அடங்கல்

திண்டுக்கல் ஜில்லாவில், அழகர்மலைக் காட்டை ஒட்டிய காசம்பட்டியில் வீரகோயில் காடு என்ற கோயிற்காடு உள்ளது. பரப்பு 4.97 ஹெக்டேர், ஏறத்தாழ 12 ஏக்கர். 2025ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழக அரசு இதனைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டிக்கு (2022) அடுத்தபடியாக நம் இராஜ்யத்தில் இச்சிறப்பைப் பெற்றது இதுவே. அங்குள்ள செடிகொடிகளைக் கிராமத்துப் பெரியவர்கள் நன்கறிவார்கள். ஆனால் அவ்வறிவு எழுத்தில் இருக்கவேண்டாமா?

இருக்கவேண்டும் என்று சட்டமே கூறுகிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு மேலாண்மைக் குழு அமையவேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் தலையாய கடமை. வியாபாரத்திற்காக மூலிகை முதலியவற்றைச் சேகரிப்போரிடம் கட்டணம் வசூலிக்கவும் 41ஆம் பிரிவு இடமளிக்கிறது. நம் எல்லையில் இன்னது விளைகிறது என்பதற்குச் சான்று இல்லாவிடில், எதைக் காட்டிக் கட்டணம் கேட்பது?

பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் அது பதிவேடாகிவிடாது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பயிராகும் கண்வலிக்கிழங்கைக் கலப்பைக்கிழங்கு என்பாரும் உண்டு. செங்காந்தள் என்பதும் அதுவே. இம்மூன்றையும் மூன்று செடிகளாக எழுதிய பட்டியலை நாம் பார்த்திருக்கிறோம். நச்சுக்கிழங்கு விஷயத்தில் இக்குழப்பம் விளையாட்டல்ல.

அடங்கலைப் பார்த்தவர்களுக்கு வழி எளிதில் விளங்கும். பட்டாதாரர் மாறலாம், பயிர் பசலிக்குப் பசலி மாறலாம், சர்வே எண்ணைக் கொண்டே நிலத்தை அறிகிறோம். அதுபோல ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஓர் எண் தருக. அதன்கீழ்த் தேதி, இடம், நிலத்தின் தன்மை, எடுத்தவர் ஆகிய விவரங்களை எழுதுக. உலர்த்திய மாதிரியிலும் அதே எண் இருக்கவேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கிவிடுமாதலால் அதனை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்வது அவசியம்.

பெயருக்குத் தனிப் பக்கம் வேண்டும். ஊர்ப்பெயர் பல இருக்கலாம். தாவரவியற் பெயரோடு, அதனை நிர்ணயித்தவர் யார், எப்பொழுது என்பதையும் சேர்க்கவேண்டும். நம் கருவேலமரத்தை அக்கேசியா நிலோட்டிகா என்று வழங்கிவந்தார்கள். இப்பொழுது வாச்செல்லியா நிலோட்டிகா என்கிறார்கள். பழைய பெயரை அடிக்காமல், புதியதைத் தேதியிட்டு அதன்கீழ் எழுதுக. பெயரில் ஐயம் எழுந்தால், திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரக் காப்பகம் போன்ற இடங்களில் மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணினியில் ஏற்றும்போதும் இதே முறைதான். சேகரிப்பு, பெயர், உபயோகம் என மூன்று அட்டவணைகள். அவற்றை இணைப்பது எண். முதற்பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்திற்கும் விளக்கம் எழுதிவைக்கவேண்டும். ‘ஓடைக்கரை’ என்றால் எந்த ஓடை? ‘3-4’ என்றால் மார்ச்சா, ஏப்ரலா? எழுதியவர் வேலை மாறிப் போனபின் யாரிடம் கேட்பது?

வைத்தியர் கூறும் மருந்து முறைகளை அவர் சம்மதத்துடன் தனியே எழுதிப் பூட்டிவைக்கவேண்டும். அரிய செடி நிற்கும் இடத்தையும் எல்லோருக்கும் காட்டலாகாது.

வேலையை ஐப்பசி மழைக்குப்பின் தொடங்குவது நலம். கோடையில் போனால் கண்வலிக்கொடியின் தடமே தெரியாது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.