தட்டைப் பலகைக்கு உயரம் தருதல்

இரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய வரைபடத்தை மனத்தில் கொண்டு வருவோம். நிரை நிரையாகப் பால்மரங்கள், நடுவே தோட்டச் சாலை, ஓரமாக லயன் வீடுகள், ஆற்றங்கரையில் ஆலை. எது எங்கே இருக்கிறது என்பதை அவ்வரைபடம் துல்லியமாகக் காட்டும். ஆனால், மரத்தின் உயரம் என்ன, ஆலைப் புகைபோக்கியின் உயரம் என்ன என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்ட படத்தில் உயரத்திற்கு இடமில்லை. கைப்பேசி, வானொலி, மின்விசிறியின் விசைக் கருவி ஆகியவற்றுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் வடிவமைப்புக் கோப்பும் இத்தகையதே.

மின்னியல் பொறியாளர் கணினியில் பலகையை வடிவமைக்கிறார். செப்புத் தடங்கள் செல்லும் வழி, துளைகள் அமையும் இடம், ஒவ்வொரு பாகமும் நோக்க வேண்டிய திசை ஆகியவற்றை அவர் முடிவு செய்கிறார். பலகையின் தடிமன் பெரும்பாலும் 1.6 மி.மீ. அதன் மேலுள்ள செப்புப் படலமோ பொதுவாக 0.035 மி.மீ. மட்டுமே. ஆகவே, அவருடைய பார்வையில் அது ஏறக்குறைய ஒரு தட்டை உலகம். எனினும், அந்தப் பலகை இறுதியில் ஒரு நெகிழி உறைக்குள் அடங்கியாக வேண்டும். உறையை வரைபவர் இயந்திரவியல் பொறியாளர். அவருக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் தேவை. 1969இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் பாலிதெக்னிக் நாட்டின் முதல் பாலிதெக்னிக் ஆகும். அங்கும் மின்னியல், இயந்திரவியல் ஆகியவை தனித்தனித் துறைகளே. தொழிலிலும் இவ்விருவரும் வெவ்வேறு மென்பொருள்களையே பயன்படுத்துகின்றனர். ஒருவரின் கோப்பை மற்றவர் படிக்க வேண்டுமானால், அதை முப்பரிமாண உருவாக மாற்ற வேண்டும்.

இம்மாற்றத்திற்காக 1992இல் மெண்டர் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் ஐ.டி.எஃப். என்னும் கோப்பு முறை உருவாக்கப்பட்டது. அதில் இரண்டு கோப்புகள் உண்டு. முதலாவது கோப்பில் பலகையின் வெளிக்கோடு, தடிமன், துளைகள், பாகங்களின் இடம், திசை, பக்கம் ஆகிய விவரங்கள் இருக்கும். இரண்டாவது கோப்பில் ஒவ்வொரு வகைப் பாகத்தின் சுற்றுக்கோடும் உயரமும் இருக்கும். இரண்டையும் படிக்கும் மென்பொருள், சுற்றுக்கோட்டை அந்த உயரத்திற்கு மேலே இழுத்து ஒரு கட்டியாக்கி, உரிய இடத்தில் வைக்கிறது. பிசைந்த மாவை அச்சு வைத்து வெட்டி எடுப்பதுபோல எல்லாப் பாகங்களும் நேர்ச்சுவருடன் நிற்கும். சரிவு, வளைவு, உள்துளை எதுவும் இராது. மின்னூட்டக் கம்பியைச் செருகும் வாய்கூட மூடிய பெட்டியாகவே தெரியும்.

இக்குறையைப் போக்க இன்று பெரும்பாலும் ஸ்டெப் முறை பயன்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 10303 என்ற இந்த அனைத்துலகத் தரம் முதன்முதலில் 1994இல் வெளியிடப்பட்டது. பாகங்களின் உண்மையான வளைவுகளையும் துளைகளையும் இது ஏந்திச் செல்லும். இருப்பினும், உயரத்தை இம்முறை தானாகக் கண்டுபிடித்துத் தந்துவிடாது. யாரோ ஒருவர் முன்னதாக அளந்து, உருவம் வரைந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த அளவு எங்கிருந்து வருகிறது? இதற்கு ஈப்போவிலேயே விடை உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர் கன்றுகளுக்குப் பின், பேராக் நிலத்தில் தோட்டங்கள் பெருகின. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தோட்டக் குடும்பங்கள் பல நகரங்களை நாடின. அந்த நகரங்களில் ஒன்றான ஈப்போவில் கார்செம் நிறுவனம் 1972 முதல் இயங்கி வருகிறது; 1990களில் யூனிசெம் நிறுவனமும் செயல்படத் தொடங்கியது. சிலிக்கான் சில்லை மிக மெல்லிய உலோகக் கம்பிகளால் இணைத்து, கருநிறப் பூச்சுப்பொருளால் மூடிப் பொதிவது இத்தகைய ஆலைகளின் பணி. முப்பரிமாண உருவில் நாம் காணும் சிறு கறுப்புப் பெட்டி அந்தப் பொதிவுதான். அதன் அளவுகள் தரவுத்தாளில் அச்சிடப்படுகின்றன. எட்டுக் கால்கள் கொண்ட ஒரு வகைச் சில்லின் உயரம் 1.35 முதல் 1.75 மி.மீ. வரை இருக்கலாம் என்பது தர அளவு. உருவத்தை வரைபவர் சராசரியை எடுத்துக்கொள்வது தவறு. உறை தட்டாமல் இருக்க வேண்டுமானால், பெரிய அளவையே கொள்ள வேண்டும்.

மாற்றத்தில் பலவகைப் பிழைகள் நேரலாம். ஐ.டி.எஃப். கோப்பில் மில்லிமீட்டரும் வரலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வரலாம். 1.6 மி.மீ. பலகை பிந்திய அலகில் 63 ஆகும். அதை 63 மி.மீ. என்று மென்பொருள் படித்துவிட்டால், பலகை செங்கல்லைப்போல் தோன்றும். இப்பிழை சிரிப்பை வரவழைக்கும். உடனே கண்ணிலும் படும். அந்த வகையில் அது நல்ல பிழை.

ஓசையின்றி வரும் பிழையே ஆபத்தானது. ஒரு மின்தேக்கிக்கு முப்பரிமாண உருவம் இணைக்கப்படவில்லை என்று கொள்வோம். பல மென்பொருள்கள் அப்பாகத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் மாற்றித் தரும். அந்த இடம் வெற்றிடமாகத் தெரியும். இயந்திரவியல் பொறியாளர் அதைக் காலி இடம் என்று எண்ணி, உறையைத் தாழ்வாக வரைவார். உண்மையில் அங்கு 16 மி.மீ. உயரமுள்ள மின்தேக்கி நிற்கும். உறைக்கான அச்சை எஃகில் வெட்டிய பின்னரே இது தெரிய வந்தால், திருத்தப் பெரும்பணமும் பல வாரங்களும் வேண்டும்.

மென்பொருள்கள் ஒத்துப்போகாததால் விளைந்த இழப்புக்கு வானூர்தித் துறையில் ஒரு சான்று உண்டு. ஏர்பஸ் ஏ380 வானூர்தி ஒன்றில் ஏறக்குறைய 530 கி.மீ. நீள மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒரு வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்சின் துலூஸ் நகரில் அதன் புதிய பதிப்பையும் பயன்படுத்தினர். கம்பிகளைப் பொருத்தியபோது அவை சில இடங்களில் நீளம் போதவில்லை. 2006இல் இச்சிக்கல் வெளிவந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு முதல் வானூர்தி 2007 அக்டோபரில்தான், ஓராண்டுக்கும் மேற்பட்ட தாமதத்துடன், ஒப்படைக்கப்பட்டது.

இவ்வேலையைப் பழக விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. 1992இல் பிரான்சில் தொடங்கப்பட்ட கீகாட் என்னும் இலவச மென்பொருளில் பலகையை வரையலாம். முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். ஸ்டெப் கோப்பாகவும் மாற்றலாம். பலகையின் வெளிக்கோட்டை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, பாகங்களை அதன்மேல் வைத்து அளவுகோலால் சரிபார்ப்பதும் நல்ல வழியே. கோப்பை ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இன்னும் எளிது. பாகப் பட்டியலில் எத்தனை, உருவில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியலில் 84, உருவில் 83 என்றால், அந்த ஒன்று கிடைக்கும்வரை கோப்பு அடுத்த மேசைக்குப் போகக் கூடாது.