ஒரே மரம், இரண்டு சட்டம்

இடக்கொச்சியில் காயல் ஓரம் ஒரு கடை. வாசலில் கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்து. அது கள்ளுக்கடை. உள்ளே கப்பையும் மீன் கறியும் கிடைக்கும்.

பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது. அங்கே தென்காசிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் வேலை செய்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுகிறார். மனைவி துணிகளை மடித்துப் பையில் வைக்கிறார்.

“அப்பாவுக்கு ரெண்டு பாட்டில் கள்ளு வாங்கிட்டு வந்துடறேன்” என்கிறார் கணவர்.

“வேண்டாங்க. செங்கோட்டையில பிடிச்சா கேஸு போடுவாங்க.”

“இது என்ன சாராயமா? தென்னை மரத்துல இறக்குனது. இங்க கடையில வச்சு விக்கிறான். அங்க மட்டும் எப்படிக் குற்றமாகும்?”

கணவர் கேட்டது நல்ல கேள்வி. மனைவி சொன்னது சரியான பேச்சு. இரண்டையும் பார்ப்போம்.

கள் எப்படி உண்டாகிறது?

தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார்கள். நுனியைத் தினமும் சீவுவார்கள். சீவிய இடத்தில் சாறு சொட்டும். அது கலயத்தில் சேரும். இந்தச் சாறு முதலில் இனிப்பாக இருக்கும்.

காற்றிலும் கலயத்திலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இருக்கிறது. அது சாற்றில் உள்ள சர்க்கரையைப் போதைப் பொருளாக மாற்றுகிறது. சில மணி நேரத்தில் சாறு நுரைத்துக் கள் ஆகிறது. மேலும் வைத்திருந்தால் புளித்துக் காடி ஆகிவிடும்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதுதான் பதநீர். ஆகவே ஒரே மரம், ஒரே சாறுதான். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால் கள்.

இரண்டு சட்டம் ஏன்?

நம் நாட்டில் மதுவைப் பற்றிச் சட்டம் செய்யும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. மதுவிலக்குக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. எப்படி, எப்போது என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்கிறது.

கேரளத்தில் உள்ள சட்டம் பழைய கொச்சி அரசின் சட்டம். கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல் வந்தது. 1967-இல் கேரளம் முழுவதற்கும் விரிந்தது. கள் இறக்க உரிமம் வேண்டும். மரத்துக்கு வரி கட்ட வேண்டும். உரிமம் பெற்ற கடையில்தான் விற்க வேண்டும். தென்னங்கள்ளில் போதைப் பொருளுக்கு வரம்பு உண்டு. 1996-இல் கேரளம் சாராயத்தைத் தடை செய்தது. கள்ளை விட்டுவைத்தது. மரம் ஏறும் தொழிலாளிகளுக்கு இங்கே நலநிதியும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் கதை வேறு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடின. 1981-இல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. ஆனால் 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகளே பிராந்தி, விஸ்கி விற்கின்றன. அவற்றில் போதைப் பொருள் சுமார் 43 சதவீதம்.

“கடும் மது விற்கலாம், கள் விற்கக் கூடாதா? மரம் எங்களுடையது. பிழைப்பும் எங்களுடையது” என்று விவசாயிகளும் பனைத் தொழிலாளிகளும் கேட்கிறார்கள். “கள்ளில் கலப்படம் நடக்கும். கூலிப் பணம் வீடு வந்து சேராது” என்று தடையை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வாதம் புதிதல்ல. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அதில் முன் நின்றார்கள். கள் இறக்க உதவும் என்று பெரியார் தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டினார். கேரளத்தில் ஸ்ரீ நாராயண குரு மது காய்ச்சவும் விற்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று அறிவுரை சொன்னார். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்ட மக்களுக்கே அதைச் சொன்னார்.

உயிரைக் குடித்தது எது?

1982-இல் ஓணத்தின்போது கொச்சிக்கு அருகே வைப்பினில் பெரிய துயரம் நடந்தது. சாராயம் குடித்த 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குக் கண் பார்வை போனது. அந்தச் சாராயத்தை விற்றவை உரிமம் பெற்ற கடைகள்.

2010-இல் மலப்புறம் மாவட்டத்தில் கலப்படக் கள் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளுக்கு அங்கே அனுமதி இருந்தது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்துக்கு அங்கே தடை இருந்தது.

மூன்று இடத்திலும் கொன்றது ஒரே விஷம். அதன் பெயர் மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படுவது. நிறமும் மணமும் சாதாரண மது போலவே இருக்கும். குடித்தவருக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் வரும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காப்பாற்ற வழி உண்டு. “தூங்கினால் சரியாகிவிடும்” என்று விடக் கூடாது. போலீசுக்குப் பயந்து மறைக்கவும் கூடாது.

அனுமதி இருந்த இடத்திலும் உயிர் போனது. தடை இருந்த இடத்திலும் போனது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. பீப்பாயில் என்ன இருக்கிறது என்று சோதிக்க ஆள் வேண்டும்.

கஞ்சாவும் செடிதானே?

சிலர் இப்படியும் கேட்கிறார்கள். “வெளிநாட்டில் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களே!” உண்மைதான். கனடா 2018-இல் அனுமதி கொடுத்தது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. முழுத் தடை தேவையில்லை என்று ஆங்கிலேய அரசு அமைத்த குழு 1894-இல் சொன்னது.

ஆனால் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. இது மத்திய அரசின் சட்டம். கள்ளைப் போல மாநிலத்துக்கு மாநிலம் மாறாது. கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உரிமம் இல்லாமல் செடி வளர்ப்பதும் குற்றம். ஒரு கிலோ வரை இருந்தால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

“இந்தப் பையை ரயிலில் கொண்டுபோய்க் கொடு, ஆயிரம் ரூபாய் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பையில் இருப்பது தெரியாது என்பதை நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வீட்டில் யாராவது போதைக்கு அடிமையாகியிருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கேரளத்தில் ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கள் வைத்திருக்கலாம். 23 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. அதே பாட்டிலோடு ரயில் செங்கோட்டை வந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சட்டம் வந்துவிடுகிறது. அங்கே கள் கொண்டுபோவதே குற்றம். “கொச்சியில் காசு கொடுத்து வாங்கினேன்” என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

சட்டம் சரியில்லை என்று நினைத்தால் கேட்கலாம். மனு கொடுக்கலாம். சங்கமாகச் சேர்ந்து பேசலாம். சட்டங்கள் அப்படித்தான் மாறியிருக்கின்றன. மாறும் வரை எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தென்காசிக்காரர் யோசித்தார். கள்ளுக்கடைக்குப் போகவில்லை. நேந்திரங்காய் வறுவல் இரண்டு கிலோ வாங்கினார். மனைவி அதைப் பையின் மேலே வைத்தார்.

“அப்பாவுக்குப் பல்லு இல்லையே” என்றார் கணவர்.

“பேரப்பிள்ளைங்க தின்னட்டும். மாமாவுக்குப் பதநீர் நம்ம ஊருலயே கிடைக்கும்” என்றார் மனைவி.

பேசிப் பார்ப்போம்

1. பதநீருக்கும் கள்ளுக்கும் என்ன வேறுபாடு?
2. கள்ளுக்குத் தடை வேண்டுமா, அனுமதி வேண்டுமா? உங்கள் வீட்டுப் பெண்களையும் கேளுங்கள்.
3. உங்கள் ஊரில் கலப்படம் நடந்தால் யாரிடம் சொல்வீர்கள்?