180 நாளான மடல் யாருக்குச் சொந்தம்?

என் மின்னஞ்சல் பெட்டியில் இருக்கும் ஆகப் பழைய மடல் உயர்நிலை ஒன்றில் படித்தபோது வந்தது. அதை அழிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. இடம்தான் தாராளமாக இருக்கிறதே! ஆனால், அமெரிக்காவில் 1986ல் இயற்றப்பட்ட மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டத்தின் கணக்கு வேறு. சேவை நிறுவனத்தின் கணினியில் 180 நாளுக்கு மேல் கிடக்கும் மடலை அதிகாரிகள் பெறுவதற்கு நீதிபதியின் சோதனை ஆணை வேண்டியதில்லை, அழைப்பாணையே போதும் என்றது அது.

அப்போது கணினியில் சேமிப்பது செலவுமிக்க விஷயம். மடலை இறக்கிக்கொள்ளாமல் ஆறு மாதம் விட்டுவைத்தால், உரியவர் அதைக் கைவிட்டுவிட்டார் என்றே கருதினார்கள். 2004ல் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. அதன்பின் யார் எதை அழித்தார்கள்? சட்டம் மட்டும் மாறவில்லை. அதே மடலை அச்சிட்டு வீட்டு இழுப்பறையில் பூட்டி வைத்தால், அதை எடுக்கப் பொதுவாகச் சோதனை ஆணை தேவை. தாளுக்கு இருக்கும் மரியாதை திரைக்கு இல்லை.

ஒஹாயோ வணிகர் ஸ்டீவன் வார்ஷாக் மீதான மோசடி விசாரணையில், சோதனை ஆணையின்றி அவருடைய ஏறத்தாழ 27,000 மடல்களை அரசு பெற்றது. அது அரசமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறிய செயல் என்று 2010 டிசம்பரில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதம் அஞ்சலகம் வழியாகப் போகிறது என்பதற்காக அஞ்சலகம் அதைப் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்பதுபோலத்தான் வாதம் சென்றது. ஆனாலும், அதிகாரிகள் அன்றைய சட்டத்தை நம்பி நடந்ததால் அந்த மடல்கள் சாட்சியங்களாகவே நீடித்தன. வார்ஷாக்குக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது.

2016ல் 180 நாள் விதியை நீக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 419-0 என்று ஒருமனதாக நிறைவேற்றியது. செனட்டில் அது முடங்கிப்போனது.

அமெரிக்கச் சட்டம் நமக்கெதற்கு? நம்மில் பலரின் மடல்கள் அமெரிக்க நிறுவனங்களிடம் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு வெளியே வாழும் வெளிநாட்டவரின் தகவல்தொடர்பை உளவுத் தேவைக்காகத் திரட்ட, 2008ல் சேர்க்கப்பட்ட 702ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதற்கு ஆளுக்கோர் ஆணை தேவையில்லை.

இங்கு, 2012ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன. 'டிரேஸ்டுகெதர்' தரவு தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே என்றுதான் முதலில் கேள்விப்பட்டோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதைப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் கேள்வி எழுப்பினர். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என எல்லை வகுத்துச் சட்டம் நிறைவேறியது. மின்னஞ்சலுக்கும் அப்படியோர் எல்லை வேண்டும் என்று என் வகுப்பில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.