மஞ்சளைச் சோதிக்கும் ஒன்பது ஒளிகள்

இலங்கையில் மஞ்சள் இறக்குமதி 2020ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தப்பட்டு, கிலோ ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான ரூபாயாக ஏறி, வடகடலோரத்தில் கடத்தல் மஞ்சள் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட காலத்தில், வல்வெட்டித்துறைச் சந்தையில் தூள் வாங்கியவர் உள்ளத்தில் இதில் மஞ்சள் எவ்வளவு, மா எவ்வளவு என்ற ஐயம் எழுந்திருப்பின் அது நியாயமே. டார்ட்ரசின் என்னும் செயற்கைச் சாயம் ஏற்றிய அரிசிமாவை மஞ்சள்தூளில் கண்டுபிடிக்கும் மலிவான பன்னிறமாலைப் படக்கருவி ஒன்றைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியலாளரும் உணவு விஞ்ஞானிகளும் வெளியிட்ட ஆய்வும் அதே ஆண்டைச் சேர்ந்ததே.

கண்ணை நம்பிக் கலப்படத்தை அறிதல் அரிது. மஞ்சளின் இயற்கை நிறமியாகிய கர்க்குமினும், டார்ட்ரசினும் ஏறத்தாழ 425 நானோமீற்றரை அண்டிய நீலஊதா ஒளியையே மிகுதியாக உறிஞ்சுவதால், மூவகைக் கூம்புக்கலங்களைக் கொண்டே நிறம் உணரும் நமக்கு இரண்டும் ஒரே மஞ்சளாகத் தோன்றுகின்றன. ஆயினும் தூய தூளும் சாயமேறிய மாவும் எல்லா அலைநீளங்களிலும் ஒளியை ஒரே அளவாகப் பிரதிபலிப்பதில்லை. அந்த நுண்ணிய பேதமே கருவிக்கு ஆதாரம்.

விலையுயர்ந்த நிறமாலைக் கமராக்கள் வெள்ளொளியை உள்வாங்கிய பின்னர் பிரிக்கின்றன. இக்கருவியோ, ஒளி புறப்படும் இடத்திலேயே அதைப் பிரித்துவிடுகிறது. வெளிச்சம் புகாத பெட்டிக்குள், ஊதா முதல் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு வரையிலான ஒன்பது எல்.ஈ.டி. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, மேலிருந்து நோக்கும் கறுப்புவெள்ளைக் கமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுக்கிறது. சிலிக்கன் உணரி ஏறத்தாழ 1000 நானோமீற்றர் வரை ஒளியை உணருமாதலால், அகச்சிவப்புக்கென வேறொரு கமரா வேண்டியதில்லை. விளக்குகள் அனைத்தும் அணைந்த நிலையில் எடுத்த படத்தைக் கழித்து உணரியின் பிழையை நீக்கியபின், தூளின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்பது எண்கள் எஞ்சுகின்றன.

அவ்வெண்கள் தாமாகப் பேசுவதில்லை. கலப்பு விகிதம் முன்னரே தெரிந்த மாதிரிகளின் எண்களோடு அவற்றைப் புள்ளியியல் முறைப்படி ஒப்பிட்டாலன்றி விடை கிடைக்காது; இக்கருவிக்குப் பழக்கப்படாத கலப்படப்பொருளை அறிய இரசாயனப் பரிசோதனை போன்ற வேறு வழிகளை நாடவேண்டும். எனவே இக்கருவியில் பாதி விளக்கும் பெட்டியும், மறுபாதி கணிதமுமாம். வல்வெட்டித்துறையிலுள்ள சிதம்பராக் கல்லூரியின் பெயரால் பிரித்தானியாவில் கணிதப் போட்டி நடத்தும் அளவுக்கு அவ்வித்தையைப் போற்றும் அவ்வூர்ச் சமூகத்தார், இத்தகைய பெட்டி ஒன்றைத் தம்மூர் மாணவர் கையாலேயே செய்விப்பாராயின், பாடசாலைக் கணிதம் அடுக்களைக்கும் சந்தைக்கும் காவலாக நிற்கும்.