ஊவா மலைநாடும் அதன் மக்களும்

இலங்கையின் மத்திய மலைத்தொகுதி கிழக்கு நோக்கிச் சரியும் பாங்கரிலே அமைந்தது ஊவா. 1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக வகுக்கப்பெற்ற இது, இன்று பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களை உடையது. தலைநகராகிய பதுளை நமுனுகுல மலையை அணித்தே பெற்றுள்ளது. பதுளு ஓயா அதனைச் சூழ்ந்தோடி மகாவலியிற் கலக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றே இங்குப் பெருமழை தருவது. தென்மேற் பருவக்காற்றோ மேலைச் சரிவுகளில் நீரைச் சொரிந்தபின் வறண்ட காற்றாய் வந்தடைகின்றது. ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்கு அவ்வறட்சி பெருங்காரணமாம்.

1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கெதிராக இந்நாட்டவர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஊரும் வயலும் அழிய அடக்கப்பட்டது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. காடு திருத்தியோரும் கொழுந்து பறித்தோரும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழி வந்த தொழிலாளரே. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது.

ஆயினும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அன்னோருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கடல் கடத்திற்று. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக் குறையை நீக்கிற்று. எனினும் லயத்து வாழ்வோர் பலர்க்கு நிலவுரிமை இன்னும் கிட்டிலது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. உறுதியான நிலத்திற் சொந்த வீடு என்பது அவர்க்கு வாழ்வும் சாவும் பற்றிய வினா என்பதை அந்நாள் உணர்த்திற்று.