நாட்டுத் துப்பாக்கியும் கல்வராயன் மலையும்

நாட்டுத் துப்பாக்கி என்பது உரிமம் பெற்ற தொழிற்சாலையில் அல்லாமல், கொல்லுப்பட்டறையிலோ வீட்டிலோ கைவேலையாகச் செய்யப்படும் சுடுகருவியாகும். தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றைக் குழல் கொண்டவை. குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பப்படுபவை. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதால் இவற்றைக் கள்ளத்துப்பாக்கி என்றும் அழைப்பர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம், கரியாலூர் ஆகிய காவல் நிலைய எல்லைகளிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் இத்தகைய துப்பாக்கிகள் கைப்பற்றப்படுவது செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது.

இடமும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையடிவாரத்தில் கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் உள்ளன. மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை இவ்வூர் வழியாகவே ஏறுகிறது. மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள்; பெயரைக் கொண்டு கேரள மக்களோடு இணைத்துப் பார்ப்பது தவறு. 1976 வரை இம்மலை சாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு, நெல், மரவள்ளி முதலியவை இங்கு விளைகின்றன. காட்டை ஒட்டிய நிலங்களில் காட்டுப்பன்றி இறங்கினால், ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அழிந்துவிடும். துப்பாக்கி இம்மலையில் நிலைத்ததற்கு வேட்டையோடு இந்தப் பயிர்க்காவலும் காரணமாகும்.

இயங்கும் முறை

வாய்வழித் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகக் கருமருந்தை இட்டு, அதன்மேல் அடைப்பும் ஈயக் குண்டோ பால்ரஸ் எனப்படும் இரும்புக் குண்டுகளோ இட்டு, கம்பியால் இடித்து இறுக்குவர். விசையை இழுத்ததும் சுத்தியல் விழுந்து சிறிய வெடிமூடியைத் தட்டும். அதன் தீப்பொறி உள்ளே சென்று மருந்தைப் பற்ற வைக்கும். ஒரு முறை சுட்டபின் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியின் இயக்கம் இதற்கு முற்றிலும் வேறானது. அதில் ஒரு தோட்டா வெடிக்கும்போது எழும் வாயு அழுத்தமோ பின்னுதைப்போ, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிறது. ஏற்றுதல், பூட்டுதல், சுடுதல், பூட்டுத் திறத்தல், வெற்றுத் தோட்டாவை இழுத்தல், வெளியே எறிதல், சுத்தியலை மீண்டும் இழுத்து நிறுத்துதல் ஆகிய அனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இவற்றுள் ஒன்று தவறினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். இந்தியத் தரைப்படை பல ஆண்டுகள் பயன்படுத்திய 1ஏ1 எஸ்.எல்.ஆர். இவ்வகையைச் சேர்ந்தது, இது இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதற்குப் பின் வந்த இன்சாஸ் துப்பாக்கி இச்சாப்பூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உருவானது. 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் இன்சாசின் தோட்டாக்கூடு விரிசல் விட்டதாகவும், துப்பாக்கி சிக்கியதாகவும் புகார்கள் எழுந்தன. உலோக ஆய்வும் துல்லிய அளவைகளும் கொண்ட தொழிற்சாலைத் துப்பாக்கிக்கே இந்த நிலை ஏற்படும் என்றால், அவை எதுவும் இல்லாத பட்டறை வேலையை நம்ப முடியாது.

கோளாறுகளும் விபத்துகளும்

நாட்டுத் துப்பாக்கியின் கோளாறு பெரும்பாலும் சுடுபவரையே தாக்குகிறது. இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

குழலின் தரம்: துப்பாக்கிக் குழலுக்கு உரிய எஃகுக்குப் பதிலாகச் சாதாரண இரும்புக் குழாய் பயன்படுத்தப்படுவது உண்டு. இத்தகைய குழாய் நீர் போன்றவற்றின் சீரான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. வெடிப்பின் திடீர் அழுத்தத்தில் அதன் பற்றவைத்த தையல் பிளந்துவிடும்.

துரு: கருமருந்து எரிந்தபின் எஞ்சும் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலின் உட்புறத்தை அரிக்கும். மலையின் மழைக்காலத்தில் இது விரைவாக நடக்கும். வெளியே பளபளக்கும் குழல் உள்ளே மெலிந்திருக்கலாம்.

இரட்டை நிரப்பல்: உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. முன்பே நிரப்பியதை மறந்து மறுபடியும் நிரப்பினால் அழுத்தம் பன்மடங்கு உயரும்.

தாமத வெடிப்பு: ஈரமான மருந்து உடனே பற்றாமல் சற்றுக் கழித்து வெடிக்கக்கூடும். வெடிக்கவில்லை என்று எண்ணிக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர் முகத்தில் காயம் அடைகிறார்.

பாதுகாப்புப் பூட்டு இல்லாமை: தோளில் மாட்டியபடி நடக்கும்போது சுத்தியல் கிளையில் சிக்கினாலோ, தவறி விழுந்தாலோ துப்பாக்கி தானாக வெடிக்கலாம். இருட்டில் புதர் அசைவதைக் கண்டு சுடும்போது, எதிர்ப்புறம் வருபவர் உடன்வந்த உறவினராகவே இருந்துவிடலாம்.

இவற்றைப் பழுது பார்த்துச் சரிசெய்துவிட முடியாது. முறையாகச் செய்யப்படும் துப்பாக்கி, வழக்கத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற பிறகே விற்பனைக்கு வருகிறது. நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனையே நடப்பதில்லை.

சட்டம்

ஆங்கிலேயர் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் இடத்தை இன்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பெற்றுள்ளது. இதன் 3-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் சுடுகருவியை வைத்திருக்கக் கூடாது. 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் செய்வதும், விற்பதும், பழுது பார்ப்பதும், மாற்றி அமைப்பதும் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றி வைத்திருப்பவருக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமமின்றித் தயாரிப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு. அது ஆயுள் தண்டனை வரை நீளலாம். 21 வயது நிரம்பாதவர் சுடுகருவி வைத்திருக்கவும் சட்டம் தடை விதிக்கிறது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வழங்க இச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமம் விலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவது தனிக் குற்றம். மான் வேட்டையில் பிடிபடுபவர் மீது இரு சட்டங்களின் கீழும் வழக்கு வரக்கூடும்.

மாற்று வழிகள்

பயிர் அழிந்தால் வனத்துறையிடம் இழப்பீடு கோரலாம். காட்டுப்பன்றிச் சிக்கல் குறித்துத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் ஒரு முறையை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றிகளைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பு வனத்துறையுடையதே, உழவருடையது அன்று. துப்பாக்கிக்கு மாற்றாகச் சிலர் வைக்கும் அவுட்டுக்காய் வெடியும், திருட்டு மின்வேலியும் அதே அளவு ஆபத்தானவை. இவற்றால் மனிதர்களும் கால்நடைகளும் உயிரிழக்கின்றனர்.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடப்பதாகத் தெரியவந்தால் அதை விற்பதோ, சுட்டுப் பார்ப்பதோ, தோட்டத்தில் புதைப்பதோ தீர்வாகாது. உள்ளே பழைய மருந்து இருக்கக்கூடும் என்பதால் அதைத் தொடாமல், குழந்தைகளை அண்ட விடாமல், காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதே பாதுகாப்பானது. தாமாக முன்வந்து ஒப்படைக்குமாறு காவல்துறை மலைக்கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்புச் செய்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வாயிலாக அதைப் பயன்படுத்திக்கொள்வது, வீட்டையும் அண்டை வீட்டையும் ஒரு விபத்திலிருந்து காக்கும்.